பஸ்ஸில் அதட்டு வாங்கிய கை

ஷரீபா,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. கடையைத் திறக்கப் போகிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து என் இடுப்பும் மரத்துவிட்டது, ஊசி இல்லாமலே.

கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். நான் காய்ச்சியது, குற்றம் பார்க்காமல் குடி. சூடா என்று கட்டுப் போட்ட கையால் தொட்டுப் பார்க்காதே. எலும்பைக் கூட்ட, கை மரத்துப்போவதற்குத் தோளருகே டாக்டர் போட்ட ஊசியின் மரப்பு இன்னும் போகவில்லை. சுட்டாலும் உனக்குத் தெரியாது.

செங்கல்பட்டிலிருந்து வரும்போது பஸ்ஸில் நான் சிரித்தது தப்பு. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மடியில் கிடந்த உன் கையையே என் கை என்று நினைத்து, "கைய எடுங்க, எல்லாரும் பாத்துகினு கீறாங்க" என்று அதட்டினாய். கண்டக்டர் என்னை முறைத்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பஸ்ஸில் உன் கையைப் பிடிக்கத் தைரியம் வராதவனுக்கு இந்தப் பழி. சிரித்துவிட்டேன். அப்புறம்தான், "அப்ப என் கை எங்க?" என்று கேட்டாய். அந்தக் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

கை எங்கேயும் போகவில்லை. சாயங்காலத்துக்குள் உணர்ச்சி திரும்பும், கூடவே வலியும் வரும் என்றார் டாக்டர். மாத்திரை ஜன்னலில்.

ஹயாத்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நான் சிரித்த கோபம் தீரும்வரை என்னோடு பேச வேண்டாம். வலி வந்ததும் பக்கத்து வீட்டு முனியம்மாவைக் கடைக்கு அனுப்பு. உனக்கு வலிக்கிறது என்று கேட்டு நான் சந்தோஷப்படப் போவது இதுதான் முதல் தடவை.