சேனல் காலியாக இருக்கட்டும்

முன்குறிப்பு. சனி, 09:00

என் பெயர் அப்பாண்டைநாதன். நிலவின் தென்முனைக் குடியிருப்பில் நில அதிர்வைக் கவனிப்பது என் வேலை. எங்கள் குடிமக்கள் வானொலிக் கிளப்பின் பதிவாளரும் நான்தான். வேறு யாரும் முன்வரவில்லை. எங்களுக்குப் பிறகு இந்தச் சேனலைத் திறப்பவர்களுக்காகக் கிளப்பின் முதல் நாட்களைப் பதிவேட்டிலிருந்து படியெடுக்கிறேன். இதில் வருவன:

1. கிளப் ஏன் தொடங்கப்பட்டது.
2. அதன் வழக்கங்கள்.
3. வியாழனன்று நிர்வாகத்தின் வானொலிக் கோபுரம் வேலை செய்யாதது.
4. நீர்வண்டி ஓட்டுநர் மரியசூசையின் வானொலிப் பொத்தான் சிக்கிக்கொண்டதால் எங்கள் குரல் அவரை எட்டாதது.
5. ஆயினும் கடைசிவரை நாங்கள் அவரோடு பேசிக்கொண்டே இருந்தது.

அவருடைய வண்டி இன்னும் பள்ளத்தில்தான் கிடக்கிறது. மீட்டபின் ஏதேனும் தெரிந்தால் இறுதியில் சேர்க்கிறேன். எனக்கு விளங்கியவரையில்தான் எழுதியிருக்கிறேன். தவறு இருக்கலாம்.

திங்கள், 07:30

அதிர்வுமானி அமைதி. பெயர் அழைப்பில் நால்வரும் பதில் தந்தோம். கிளப் தொடங்கி இது மூன்றாவது வாரம்.

நிர்வாகத்தின் அலைவரிசையில் வேலைப் பேச்சு மட்டுமே பேசலாம். அதுவும் பதிவாகும். இது பொறுக்காமல் வண்டிப் பட்டறைத் தணிகைவேல் உடைந்த கருவிகளைப் பிரித்து நான்கு வானொலிகள் செய்தார். ஒன்று அவருக்கு. ஒன்று உலோகம் பற்றவைக்கும் சங்கரவடிவுக்கு. ஒன்று பனிக்கட்டிச் சுரங்கத்திலிருந்து நீர்வண்டி ஓட்டும் மரியசூசைக்கு. மீதியிருந்தது எனக்கு. ஒரே சேனல், ஒரே பொத்தான். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அழுத்தியிருக்கும்வரை அந்தக் கருவிக்கு எதுவும் கேட்காது.

பெயர்கள் வைத்தது மரியசூசை. தனக்குச் சீலா என்று மீன் பெயரை வைத்துக்கொண்டார். எனக்கு ஆமை. நான் ஆட்சேபிக்கவில்லை.

08:10. மரியசூசை சுரங்கத்தின் அடியிலிருந்து அழைத்தார். குரல் மிக மெலிவு. என் யோசனைப்படி மற்றவர்கள் வாய்மூடிச் சேனலைக் காலியாக விட்டோம். இரைச்சலுக்கு அடியில் அவர் குரல் தெளிந்தது: "ஆமை சார், இன்னைக்கும் கேன்டீன்ல அந்த சோயா மீனா? சும்மா கேட்டேன். நான் வரல." இனி இதுவே வழக்கம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். என் யோசனை ஒன்று ஏற்கப்பட்டதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சி.

புதன், 18:20

சிறு பூசல். மரியசூசை கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. தடித்த கையுறையோடு பொத்தானை வெகுநேரம் பிடிக்க முடியாது என்பதால் அதன்மேல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுப் பேசுகிறார். அதுவரை சேனல் அவருடையது. இன்று பற்றவைப்பு வேலைக்கு ஆள் கூப்பிட முடியாமல் சங்கரவடிவு தவித்துப்போனார். பிளாஸ்திரியை மரியசூசை எடுத்ததும் சங்கரவடிவு வெடித்தார்:

"ஏல மரியசூசை, வாயா அது, நீர்வண்டிக் குழாயா? இன்னொரு தடவ பிளாஸ்திரிய ஒட்டிட்டுக் கத சொன்ன, எல்லாரும் ஆஃப் பண்ணிட்டுப் போயிருவோம். தனியாக் கெடந்து பேசு."

"போங்கக்கா. நான் பேசலன்னா உங்களுக்குச் சோறு எறங்காது."

"இன்னா சார், பதிவாளர் நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்றார் தணிகைவேல்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகச் சொன்னேன். மூவரும் சிரித்தார்கள்.

வியாழன், 09:35

கோபுரத்தில் மின்சுற்றுத் தகடு மாற்றும் வேலை. மாலைவரை நிர்வாகத்தின் அலைவரிசை இல்லை. குடியிருப்புக்குள் கம்பித் தொலைபேசி உண்டு. வெளியே எங்கள் சேனல் மட்டுமே. வெளியே இருப்பவர் மரியசூசை ஒருவர்தான். ஏழு மணிக்கே காலி வண்டியோடு சுரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார்.

09:42. அதிர்வுமானியில் கூர்மையான ஒரு குத்து. சுரங்கத்துக்குப் போகும் இரண்டு சாலைகளில் வலது சாலையின் கீழே நிலம் இறங்கியதுபோல் தெரிகிறது. என் கணிப்பை நான் நம்பவில்லை. மீண்டும் கணக்கிட்டேன்.

09:51. மீண்டும் அதே விடை. வலது சாலையில் மேலோடு மட்டும் நிற்கிறது, அடியில் வெற்றிடம். ஒலிவாங்கியை எடுத்தேன். மரியசூசை அதற்குள் கதையைத் தொடங்கியிருந்தார். வழக்கத்தை மீறிக் குறுக்கே பேசினேன். அவர் நிறுத்தவில்லை. பிளாஸ்திரி.

10:05. சங்கரவடிவும் தணிகைவேலும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். மாறிமாறி அழைக்கிறோம். கதை தொடர்கிறது. அவருக்குப் பெண் பார்க்கப் போன கதை.

"மாப்பிள்ள எங்க இருக்காருன்னு பொண்ணு வீட்டுல கேட்டிருக்காங்க. எங்கம்மா ஒண்ணும் பேசாம மேல கையக் காட்டியிருக்கு. பொண்ணோட தாத்தா, ஐயோ பாவம், எப்பம்மா தவறிப்போனாருன்னு கேட்டாராம்!"

அந்த நிலையிலும் தணிகைவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகத்தை மூடிக்கொண்டார்.

10:20. கதை முடிந்தது. பிளாஸ்திரியை உரிக்கும் ஒலி கேட்டது. மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவருடைய மூச்சு எங்களுக்குத் தொடர்ந்து கேட்கிறது. அப்படியானால் பொத்தான் எழும்பவில்லை. குளிரில் உள்ளேயே சிக்கிவிட்டது. பேசுகிறதா கேட்கிறதா என்று காட்ட அந்தக் கருவியில் விளக்கு கிடையாது.

"என்ன, ஒருத்தரும் சிரிக்கல? வடிவக்கா? ஆமை சார்?"

10:26. "ஓ. சொன்ன மாதிரியே ஆஃப் பண்ணிட்டியளா. சரி, சரி."

10:33. அவர் சாலைப் பிரிவுக்கு வந்துவிட்டார். அங்கே நின்று எந்தச் சாலை நலம் என்று என்னைக் கேட்டபின்தான் திரும்புவது அவர் வழக்கம்.

"சார், இடமா வலமா? வெளையாட்டு வேற, இது வேற சார். இடமா வலமா?"

இடம் என்றேன். எத்தனை முறை என்று தெரியவில்லை. தொண்டை கட்டிவிட்டது.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரியாதாக்கும்? வலம்தான் குறுக்கு."

10:41. பெரிய ஓசை. பிறகு மூச்சு மட்டும்.

10:50. உயிரோடு இருக்கிறார். வண்டி சரிந்து பள்ளத்தில் கிடக்கிறது. வண்டியறையில் கசிவு இல்லை என்று அவரே வாய்விட்டுச் சரிபார்த்துக்கொள்கிறார். வண்டியறைக் காற்று இரவு எட்டுவரை போதும்; நான் மும்முறை கணக்கிட்டேன். அவர் உள்ளேயே இருந்தால் பிழைப்பார். வேண்டியது அது ஒன்றுதான்.

மீதியுள்ள ஒரே வண்டியின் சக்கரம் கழற்றப்பட்டுக் கிடக்கிறது. தணிகைவேல் அதை மாட்ட ஓடினார்.

12:15. அவருடைய பேச்சு முழுவதும் கேட்கிறது. எங்களுடையது ஒன்றும் போகவில்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தெரியும் கண்ணாடிக் கதவு.

"அக்கா, நேத்து ஏதும் மனசுல வச்சிருந்தா மன்னிச்சிக்கிடுங்க. இனிமே பிளாஸ்திரியே போட மாட்டேன். சத்தியமா. ஒரே ஒரு வார்த்த பேசுங்க."

சங்கரவடிவு பொத்தானை அழுத்தியபடியே இருக்கிறார். "நான் ஆஃப் பண்ணலடா. நான் எங்கடா ஆஃப் பண்ணேன். கேட்டுக்கிட்டேதான இருக்கேன்."

13:40. இப்போது அவர் வேறொன்று பேசுகிறார்.

"நான் விழுந்தது ஒருத்தருக்கும் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் தேட மாட்டாங்க. சாலைப் பிரிவுக் கொட்டகைல காத்து உருளை இருக்கும். உடுப்புல இருக்க காத்துக்கு நடந்துரலாம்."

கொட்டகையில் உருளைகள் இல்லை. மறுநிரப்புக்காகச் சென்ற வாரம் கொண்டுவந்தது சங்கரவடிவுதான். அவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார். பிறகு திரும்ப வந்து, "கொட்டகைல ஒண்ணுமில்லடா, கதவத் தெறக்காத" என்று ஆரம்பித்தார். அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

14:30. தொலைபேசியில் தணிகைவேல்: "இன்னும் ஒரு மணி நேரம் சார். ஏழு மணிக்குள்ள அங்க இருப்பேன். அவன உள்ளயே ஒக்காரச் சொல்லு சார்." சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றேன்.

15:12. "இன்னும் கொஞ்சம் பாக்கேன். அப்புறம் கெளம்பிர வேண்டிய..."

அத்தோடு நின்றது. மூச்சு இல்லை. வெறும் இரைச்சல்.

15:14. கருவியைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். அல்லது மின்கலம் தீர்ந்தது. காலையிலிருந்து இடைவிடாமல் ஒலிபரப்பிய கருவி.

15:16. சங்கரவடிவு: "சார், பேசிக்கிட்டே இருப்போமே. கேட்டாலும் கேக்கும்."

வேண்டாம் என்றேன். மரியசூசை எங்கிருந்தாவது மெல்லிய குரலில் அழைத்தால், நாம் பேசிக்கொண்டிருக்கும்போது அது கேட்காமல் போய்விடும். சேனல் காலியாக இருக்கட்டும். திங்களன்று அப்படித்தான் அவர் குரலைப் பிடித்தோம். சங்கரவடிவு ஒப்புக்கொண்டார். நான் இவ்வளவு உறுதியாகப் பேசி அவர் பார்த்ததில்லை.

15:40. தணிகைவேல் புறப்பட்டார். வழியில் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் வரச் சொன்னேன்.

16:30. இரைச்சல்.

17:30. இரைச்சல். இருவரும் காதைக் கருவியோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.

18:30. இரைச்சல்.

18:52. தணிகைவேல்: "சார். கொட்டகைகிட்ட கீறான் சார். கதவாண்ட ஒக்காந்துனு கீறான்." பிறகு, "சார், அசையல சார்."

சனி, 16:00

அடக்கம் முடிந்தது. மரியசூசை வண்டியைவிட்டு இறங்கியது 15:12க்கு என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அதுவரை நாங்கள் ஓயாமல் பேசினோம் என்பதையும் எழுதினேன். சங்கரவடிவு படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

செவ்வாய், 11:20

வண்டியை மீட்டுவந்தார்கள். தணிகைவேல் அழைத்ததால் பட்டறைக்குப் போனேன்.

வானொலி கழற்றப்படவில்லை. அதன் இடத்திலேயே இருந்தது. பொத்தான் இன்னும் உள்ளே அழுந்தியிருந்தது. ஆனால் தணிகைவேல் ஒன்றைக் காட்டினார். மின்கலம் முற்றிலும் தீரவில்லை. ஒலிபரப்பத் தேவையான அளவுக்குக் கீழே இறங்கியதும் ஒலிபரப்பும் பகுதி தானாக அணைந்துவிட்டது. அது அணைந்தால் கருவி கேட்கும் நிலைக்குத் திரும்பும், பொத்தான் எப்படி இருந்தாலும். கேட்பதற்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. முப்பது ஆண்டுகள் கருவிகளோடு இருந்தவன் நான்.

ஒலி அளவுத் திருகு கடைசிவரை திருப்பப்பட்டிருந்தது.

வண்டிக் கதவின் கடிகாரத்தில் பதிவாகியிருக்கும் நேரத்தைத் தணிகைவேல் படித்துக் காட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நானே படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன்.

கதவு திறந்தது 17:40.

தணிகைவேல் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "சார், உங்களுக்கு எப்டி சார் தெரியும்" என்றார். அது உண்மை. அது எனக்கு எதற்கும் உதவவில்லை. அவர் அந்தக் கருவியைப் போட்டுப் பார்த்தார். அரை நிமிடம் இரைச்சல் வந்தது, பிறகு அணைந்தது.

சங்கரவடிவிடம் நான்தான் சொல்ல வேண்டும். அவர் பேசிக்கொண்டே இருக்கலாம் என்றார். இன்னும் சொல்லவில்லை.

11:55

முன்குறிப்பில் ஐந்தாவதாக எழுதியது தவறு. கடைசிவரை நாங்கள் அவரோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. அவருக்குக் கேட்காதவரை பேசினோம். கேட்கத் தொடங்கியபோது நிறுத்திவிட்டோம். இரண்டரை மணி நேரம் அவர் எங்கள் குரலுக்காகக் காத்துக்...