சைபருக்கு ஊதியவன்

மார்ச் 3, திங்கள், காலை 8.50

மேஜையில் ஆறு கருவிகள். ஆறும் கெட்டவை.

பஸ் டிப்போவில் டிரைவர் வண்டி எடுக்குமுன் ஊதுகிற கருவிகள்தான். குடித்திருந்தால் எண் காட்ட வேண்டும், இல்லையென்றால் சைபர். இதில் சிக்கலாக ஒன்றுமில்லை. சுத்தம் செய்து நான் ஒருமுறை ஊதிப் பார்த்து அனுப்புவேன். இன்று ஊதினால் 0.11, 0.12, மறுபடி 0.11. ஆறையும் என் மூச்சுக்குச் சைபர் காட்டும்படி திருத்தி அனுப்பிவிட்டேன்.

தயாரிப்பாளருக்குக் காட்டமாக ஒரு மெயில் போட்டேன். சனி, ஞாயிறு லேபில் ஏசி அணைந்திருக்கிறது, உங்கள் சென்சார் ஈரம் குடிக்கிறது, இதுகூடத் தாங்காத பொருளை ஏன் விற்கிறீர்கள் என்று.

பக்கத்து மேஜைக்காரி மெயிலை எட்டிப் படித்தாள். எதையும் குத்திக் கேட்பதால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். "திங்கட்கிழமைன்னா மிஷினுக்கும் வேலைக்கு வர மனசில்ல போல" என்றாள்.

மார்ச் 5, புதன்

இன்று 0.06 தான். வார நடுவில் ஏசி ஓடுகிறது. என் கணக்கு சரி.

சால்டரிங் வைக்கும்போது கை நடுங்கியது. காபியைக் குறைக்க வேண்டும். பதினொரு மணிக்குக் கழிவறையில் டூல் பேக் பாட்டிலில் இரண்டு மடக்கு. கை நின்றது. இஞ்சினுக்கு ஆயில் ஊற்றினால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அக்கா தினமும் கேட்கிறாள். "பல் தேய்ச்சியா?" தேய்த்தேன் என்றால், "இன்னொரு தடவை தேய்." அவள் வீட்டில் இருக்கிறேன் என்பதற்காக நான் ஒன்றாம் வகுப்பா?

மார்ச் 7, வெள்ளி

மாமா பட்டப்பகலில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அக்கா புருஷன் பஸ் டிரைவர். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் லீவு போட்டால் அதிசயம்.

நடந்தது இது. காலை ஷிஃப்டில் இன்னொரு டிரைவர் ஊதினான், கருவி சைபர் காட்டியது. மாமா பக்கத்தில் நின்றிருக்கிறார். வாடை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றுவிட்டார். வண்டி நாற்பது நிமிஷம் லேட். கருவி சுத்தமானவன் என்று சொன்ன ஆளின் மேல் பழி போட்டதாக மாமாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை வரும்.

"உன் மிஷின் ரொம்ப நல்லவன்டா. யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டேங்குது."

"மாமா, அது நான் பார்த்து அனுப்பினது. உங்க மூக்கு தப்பா இருக்கலாம்."

"இருக்கலாம். என் மூக்குக்கு சர்டிஃபிகேட் கிடையாது." வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

அந்தக் கருவியின் சர்டிஃபிகேட்டில் என் கையெழுத்து.

மார்ச் 9, ஞாயிறு

குடித்தேன். எவ்வளவு என்று எழுதப் போவதில்லை.

மார்ச் 10, திங்கள்

விசாரணைக்காக அந்தக் கருவி லேபுக்கு வந்தது. இந்த முறை ஊதினால் போதாது, சிலிண்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அளந்து சாராயம் கலந்த கேஸ் அதில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே எடுப்போம். வைத்தேன். காட்ட வேண்டியதைவிட 0.11 குறைவு. மாமா மூக்கு சரி.

இன்னும் அனுப்பாமல் ஷெல்ஃபில் இருந்த மற்றவற்றையும் எடுத்தேன். எல்லாமே குறைவு. திங்கட்கிழமை பார்த்தவற்றில் குறைவு அதிகம், புதன்கிழமை பார்த்தவற்றில் கொஞ்சம். ஒன்றே ஒன்று மட்டும் பிசகாமல் நின்றது. நான் காய்ச்சலில் படுத்திருந்த அன்று குண்டூசி ஊதிச் சரிபார்த்தது.

அவள் அதைத்தான் கையில் எடுத்தாள்.

"ஊது."

"எதுக்கு?"

"சும்மா ஊது."

0.13. காலை ஒன்பதே கால். நான் கடைசியாகக் குடித்தது முந்தைய இரவு. அவள் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏசி காரணமா?"

 இத்தனை கருவிகள் ஒரே திசையில் கெடாது. முதல் வருஷத்துப் பாடம் அது. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது என் மூச்சு. என் மூச்சில் இருந்த சாராயத்தைச் சைபர் என்று எல்லாக் கருவிக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 'ஊதுபவர் குடிக்காதவராக இருக்க வேண்டும்' என்று கையேட்டில் முதல் வரியிலேயே இருக்கிறது. அது மற்றவர்களுக்கு எழுதியது என்றுதான் எப்போதும் தாண்டிப் போவேன்.

மார்ச் 11, செவ்வாய்

சூப்பர்வைசர் வழி காட்டிவிட்டார். "சென்சார் பழுதுன்னு ரிப்போர்ட் எழுதிடு. உன் மாமாவும் தப்பிப்பாரு, நாமளும் தப்பிப்போம். கம்பெனிக்காரன் மாத்திக் கொடுப்பான்."

எழுதினேன். இரண்டு பக்கம், வரைபடத்தோடு. கையெழுத்துதான் பாக்கி. போட்டால் புது சென்சார் வரும். அடுத்த திங்கட்கிழமை அதற்கும் நான்தான் ஊதுவேன்.

சரி, பழுது எங்கே என்று தெரிந்தாயிற்று. நாளை முதல் ஒரு சொட்டு கிடையாது. இதற்கு எதற்கு டாக்டர்.

மார்ச் 12, புதன்

முடியல. காலைல வாந்தி. சட்டை முழுக்க வேர்வை, ஆனா குளிருது. ஸ்க்ரூ டிரைவர பிடிக்க முடியல. மேஜை மேல எறும்பு போகுதுன்னு தட்டிவிட்டேன் — எறும்பே இல்ல. குண்டூசி பார்த்துட்டா.

மதியம் டூல் பேக்கைத் திறந்தேன். பத்து நிமிஷத்துல கை நின்னுடுச்சு. கல்லு மாதிரி.

போன வாரம் கை நின்னப்ப சந்தோஷமா இருந்துச்சு. இன்னைக்கு பயமா இருக்கு. அப்போ நான் குடிக்கிறது ஜாலிக்கு இல்லையா? நிக்கிறதுக்கா?

மார்ச் 13, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். நிறுத்தப் பார்த்தேன், நிறுத்த முடியவில்லை என்று.

"தெரியும்டா" என்றாள். "நீயா வந்து சொல்லணும்னு இருந்தேன். நான் சொன்னா வீட்டை விட்டுப் போயிடுவியோன்னு பயம்."

மாமாவிடம் கருவிகளைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"இன்னும் எத்தனை டிப்போல இருக்கு?"

"ஒன்பதுல."

"அப்ப அந்த வண்டியெல்லாம் இன்னைக்கும் ஓடுது."

"ஆமா."

"மொதல்ல அதச் சொல்லு. என் வேலை எங்கயும் போயிடாது."

சென்சார் ரிப்போர்ட்டைக் கிழித்தேன். அரைப் பக்கம் எழுதினேன். 'கருவிகளில் பழுது இல்லை. சரிபார்த்தவர் குடித்திருந்தார். ஒன்பது டிப்போக்களிலிருந்தும் இன்றே திரும்பப் பெறவும்.' கீழே கையெழுத்து. கை நடுங்கித்தான் போட்டேன்.

சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். "உனக்கு மூளை கழண்டுடுச்சா?" என்றார். பிறகு டிப்போக்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தார்.

மார்ச் 14, வெள்ளி

டாக்டர் நாலே கேள்வி கேட்டார். குறைக்க முயன்றது உண்டா. யாராவது சொன்னால் எரிச்சல் வருமா. குற்ற உணர்ச்சி உண்டா. காலையில் நிதானத்துக்குக் குடித்தது உண்டா. நாலுக்கும் ஆமாம். தேர்வில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தது இதுதான் முதல் முறை.

நானாக நிறுத்தியதைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். "தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மாத்திரை கொடுத்து, பக்கத்துல ஆள் இருந்து பார்த்துத்தான் நிறுத்தணும். எறும்பு தெரிஞ்சது விளையாட்டு இல்ல."

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"எங்க போகணும் அவ்வளவு அவசரமா?"

 வார்டில் சேர்த்துவிட்டார்கள். அக்கா வாசலில் என் டூல் பேக்கை வாங்கிக்கொண்டாள், உள்ளே பார்க்காமலே.

மார்ச் 17

பக்கத்துக் கட்டிலில் கணக்கு வாத்தியார். "நீங்க என்ன வேலை தம்பி?" என்றார். சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினார். நானும் சிரித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள். ஒரு பாட்டில் வாங்கினேன். பாதி.

டாக்டருக்குப் போன் செய்தேன். திட்டவில்லை. "போன் பண்ணீங்கல்ல, நாளைக்கு வாங்க" என்றார். மீதியை சிங்க்கில் ஊற்றியது அக்கா. அது நான் என்று எழுதத்தான் ஆசை.

ஏப்ரல் 21, திங்கள், காலை 9.10

லேபில் எனக்குப் பார்சல் பிரிக்கிற வேலை. கருவிகளில் கையெழுத்துப் போட அனுமதி இல்லை. எப்போது திரும்பக் கிடைக்கும் என்றும் யாரும் சொல்லவில்லை. மாமா போன வாரம் மறுபடி வண்டி எடுத்தார்.

குண்டூசி ஒரு கருவியை முடித்து என் முன் நீட்டினாள்.

"ஊது."

0.00.

நம்பவில்லை. "சிலிண்டர் வச்சுப் பாரு" என்றேன். முனகிக்கொண்டே வைத்தாள். காட்ட வேண்டியதைக் காட்டியது.

"மிஷின் சரியாத்தான் இருக்கு" என்றாள். "இப்ப எதுக்குக் கண்ண தொடைக்கிற?"

இனி:

1. புதன்கிழமை டாக்டர் நடத்தும் கூட்டம். கடைசி வரிசையில் உட்காரக் கூடாது.
2. மாத்திரை அக்கா கையில் இருக்கட்டும். கேட்டு வாங்க வெட்கப்படக் கூடாது.
3. இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி, பார் இல்லாத தெரு வழியாக வீடு.
4. ஞாயிறு மதியம் மாமா வண்டியில், அவருக்குப் பின் சீட்டில். கடைசி ட்ரிப் வரை.
5. தயாரிப்பாளருக்கு மெயில்: உங்கள் சென்சாரில் குறையில்லை, மன்னிக்கவும்.
6. கையெழுத்து அனுமதி திரும்பி வந்தாலும், சைபருக்கு வேறு யாராவது ஊதட்டும். ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும்.