சூலத்தில் குத்திய எலுமிச்சை

கம்பைநல்லூர்

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, அகமதாபாத்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி.

ஆடி வெள்ளிக்கு மாலை கட்ட எலுமிச்சை கேட்பார்கள் என்று ஆனியில் பறித்ததை விற்காமல் வைத்தோம். காம்போடு கத்தரித்து, கீழே விழுந்ததை ஒதுக்கி, ஈரமணல் கொட்டிய செங்கல் தொட்டிக்குள் அடுக்கிக் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். நடுவில் உன் அம்மா உன் பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு, அம்மன் சூலத்தில் குத்தியிருந்த பழத்தைப் பூசாரியிடம் வாங்கி வந்தாள். சாமி படத்தடியில் வைப்பதுதானே. தோட்டத்துப் பழத்துக்கும் காவல், பேரப்பிள்ளைக்கும் காவல் என்று குவியலைக் கையால் விலக்கி நடுவே வைத்துவிட்டாள், எனக்குத் தெரியாது. ஓட்டை விழுந்த பழம் சும்மா இருக்குமா, பச்சைப் பூசணம் பிடித்து, பக்கத்துப் பழம், அதற்கடுத்த பழம் என்று பாதித் தொட்டி போய்விட்டது. போனால் போகட்டும், அடுத்த காய்ப்பு வரும். ஆத்தா கொடுத்ததே அழுகியது தெரிந்தால் உன் அம்மா ஒடிந்துபோவாள் என்று அந்த ஒன்றை மட்டும் ரகசியமாகப் புதைத்தேன். அது நன்றாகத்தான் இருந்தது, கிணற்றில் விட்டுவிட்டேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். அதுவே வினையாகிவிட்டது பாப்பா. ஆத்தா குடுத்த பழம் கெடாம நிக்குது, நான் தொட்டதெல்லாம் அழுவிப்போவுது, இந்தக் கையில பச்சப்புள்ளைய எப்புடிங்க ஏந்துறது என்கிறாள். தொட்டிப் பக்கமே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ பயணம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னதால்தானே அவள் அங்கே வர டிக்கெட் எடுத்தோம். இப்போது வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நிஜத்தைச் சொல்லவும் பயமாக இருக்கிறது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை அம்மா, உன் கையால் போட்ட எலுமிச்சை ஊறுகாய்தான் வேண்டும், வேறு யார் போட்டதும் வேண்டாம் என்று அவளிடம் கேள். தப்பிய பழத்தில் கீறல் இல்லாததாக ஒரு கூடை பொறுக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். நீ கேட்டால் உப்பில் கை வைப்பாள். அவள் போட்ட ஊறுகாய் கெட்டு நான் பார்த்ததே இல்லை, அதை அவளும் கண்ணால் பார்க்கட்டும்.

இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடு. தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடி இருக்க எங்கள் ஆசீர்வாதம். டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னாள், செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். செய்யவில்லை.

உன் அப்பா,
குப்புராஜ்