வாசலில் கட்டிய துணிக்கொடி

9 பிப்ரவரி 1931

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவின் புடவையை ஒதுக்கிவிட்டு ஒருக்களித்து வெளியே வந்தேன். அதற்கு அம்மாவுக்கு ஒரு சிரிப்பு. வாசலுக்குக் குறுக்கே கொடி கட்டிப் புடவை உலர்த்தினால் வேறு எப்படிப் போவது? பெண்கள் இடுப்பில் கட்டும் துணிக்குக் கீழே பர்மாவில் எந்த ஆண்பிள்ளையும் நடக்கமாட்டான். ஆறு வருஷம் ரங்கூன் துறைமுகத்தில் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் ஒட்டாதா?

என் மனைவி மா மியா தன் கைலியைக் கொல்லைச் சுவரோரம் முழங்கால் உயரத்தில்தான் காயப்போடுகிறாள். என் தலைக்கு மேலே வரக்கூடாது என்றுதான். அதைப் பார்த்து அம்மா, "மண்ணுல பொரட்டிகினு கீறா, கலீஜு" என்கிறாள்.

13 பிப்ரவரி

ரங்கூனிலிருந்து திரும்பியபின் இங்கே துறைமுகத்தில் என்னோடு வேலை செய்யும் சுப்புராயன் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "இன்னா மாமு, உன் வூட்ல பொம்பள சுருட்டு புடிக்குதாமே?"

பிடிக்கிறாள். அவள் ஊரில் எல்லாப் பெண்களும் பிடிக்கிறார்கள். இவனுக்கு என்ன தெரியும்? போன மே மாத ரங்கூன் கலவரத்தில் இந்தியரைத் தேடி கத்தியோடு ஒரு கூட்டம் எங்கள் சந்துக்குள் வந்தது. நான் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தேன். மியா வாசற்படியில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தாள். "இங்கே இந்தியன் எவனும் இல்லை" என்று புகையை ஊதிக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தச் சுருட்டால்தான் நான் இன்று சோறு தின்கிறேன்.

இதைச் சுப்புராயனிடம் சொன்னேனா? நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு பெண்ணுக்குப் பின்னால் ஒளிந்தேன் என்று எப்படிச் சொல்வது? அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

1 மார்ச்

அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி கஸ்பார் மாமா வந்திருந்தார். தன் மகள் எல்சியை எனக்குக் கொடுக்கிறாராம்!

"எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே" என்று மெதுவாகச் சொன்னேன்.

"கோயில்ல ஆச்சா? தாலி கட்டினியா?" என்றாள் அம்மா. "பெரியவங்க எதிர்ல ஒரே தட்டுல சோறு துன்னா கல்யாணமா? அப்டின்னா நம்ம வூட்டுப் பூனைக்கும் எனக்கும் எப்பவோ ஆயிருக்கும்!"

மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். மியாவின் ஊரில் அதுதான் கல்யாணம். சந்து முழுவதும் வந்து பார்த்தது. அவளுடைய அம்மா தட்டை எங்கள் இருவர் நடுவில் வைத்து அழுதாள். இதுவா இவர்களுக்கு விளையாட்டு?

அம்மா என்ன சொல்கிறாள் என்று மியா கேட்டாள். சமையல் நன்றாக இருக்கிறது என்கிறாள் என்றேன்.

22 மார்ச்

என்ன அநியாயம் இது! மாதா கோயில் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டார்கள். ரங்கூன் சங்கதியைப் பற்றி ஒருவரும் அவரிடம் மூச்சு விடவில்லை. "சம்மதமா?" என்று கேட்டார். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மாமா. இப்படி வைத்துக்கொண்டா ஒரு மனிதனைக் கேட்பது? தலை ஆடிவிட்டது.

29 மார்ச்

குருத்தோலை ஞாயிறு. மியா எனக்குக் கறி வறுத்து வைத்திருந்தாள். தவசு காலத்து நாற்பது நாளும் கறி ஆகாது என்று அம்மா அதை எடுத்து வெளியே கொட்டினாள்.

12 ஏப்ரல்

மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் முதலாவது வாசித்தாயிற்று. அருள்நாதனுக்கும் எல்சிக்கும் விவாகம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் படித்தார். கோயில் நிறைய எங்கள் தெரு ஜனம். தினமும் குழாயடியில் மியாவைப் பார்க்கிறவர்கள். ஒருத்தர் வாய் திறந்தாரா? இவர்களெல்லாம் கிறிஸ்தவர்களா?

14 ஏப்ரல்

இந்த வாரம் பர்மாவில் புது வருஷம். காலையில் அம்மா கொல்லையில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். சீயக்காய் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு மியா அவள் பின்னால் போய் நின்று, தலைமேல் மெல்ல ஊற்றினாள்.

அம்மா அலறினாள். "அடிப்பாவி! எனக்கு ரெண்டாந்தரம் தாலியறுக்க வந்துட்டியா?"

அப்பா செத்த அன்று இதே கொல்லையில் பெண்கள் அம்மாவை உட்காரவைத்துக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். அதன் பிறகுதான் தாலியை எடுத்தார்கள். மியாவுக்கு அது எங்கே தெரியும்? குடத்தை அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். அம்மா அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

"நிறுத்தும்மா! அவ ஊர்ல வருசம் பொறந்தா சின்னவங்க தன் வூட்டுப் பெரியவங்க தலைய கழுவி விடுவாங்க. வேத்து மனுசி தலைய தொடவே மாட்டாங்க. உன்னை அம்மான்னு நெனச்சிட்டா, அதான்!"

அதோடு நிற்கவில்லை. சுருட்டு, மூட்டை, கத்தி எல்லாம் வெளியே வந்துவிட்டது. நான் கத்தியதில் பக்கத்து வீட்டு ரசூல் பீவி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

அம்மாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தாள்.

"பதினோரு வருசம் ஆச்சு, என் தலைய ஒருத்தி தொட்டு" என்றாள். "பின்னால நல்லா தேய்க்கச் சொல்லு."

18 ஏப்ரல்

நாளை இரண்டாம் ஓலை. சாமியாரிடம் போய்ச் சொல்லவேண்டியதுதான். ஆனால் நான் ஏன் சொல்லவேண்டும்? ஏற்பாடு செய்தது இவர்கள். இவர்களே நிறுத்தட்டும். எல்லாவற்றுக்கும் நான்தான் அகப்பட்டேனா?

19 ஏப்ரல்

ஓலை வாசிக்கவில்லை. பூசைக்கு முன்பே அம்மா சாமியாரைப் போய்ப் பார்த்திருக்கிறாள். "தட கீது சாமி. என் மருமவ உயிரோட கீறா" என்றாளாம். கஸ்பார் மாமா கோயில் வாசலிலேயே எங்கள் உறவை முறித்துக்கொண்டார். எல்சி முகத்தை மூடிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அம்மா வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "தட கீதான்னு சாமியார் கேட்டாரே, அன்னிக்கி நீ எங்கடா இருந்த?"

முதல் வரிசையில் இருந்தேன்.

26 ஏப்ரல்

பூசை முடிந்து வந்தபோது வாசலில் கொடி இல்லை. பழக்கத்தில் ஒருக்களித்தே நுழைந்தேன். கொல்லைச் சுவரோரம், மியாவின் கைலிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் அம்மாவின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவும் மியாவும் அருகில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"மண்ணு படாதாம்மா?" என்றேன்.

"பட்டா படட்டும். ஆம்பளைக்கு அது மரியாதின்னு அரகொற தமிழ்ல சொல்றா. இந்த வூட்ல ஆம்பள யாருடின்னு கேட்டேன். சிரிச்சிகினே கீறா."

மியா நிமிரவில்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டதை அவளுக்கு நான் பர்மிய மொழியில் சொல்லவே இல்லை.