உப்புத் தண்ணீர் குடித்த லாரி

27-12-1974, வெள்ளி

எங்கள் உப்பு லாரி பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. இன்ஜினின் வெந்நீர் ஒரு குழாய் வழியாக வந்து, முன்னால் உட்காருகிறவர்களுக்குச் சூடு கொடுக்கும். இந்த மார்கழியில் கொடுக்கவில்லை. ஓசூர் போய்த் திரும்புவதற்குள் டிரைவரும், மூட்டை தூக்கும் நானும் விறைத்துப் போனோம்.

"யோவ் பெருசு, நீதான் குழாய மிதிச்சி நசுக்கிட்ட. இனிமே வண்டில ஏறாத" என்றான் டிரைவர் கதிர்வேலு.

இன்று காலை நானே குழாயைக் கழற்றினேன். உள்ளே உப்பு கல்லாக அடைத்திருந்தது. நல்ல தண்ணீருக்கு ஊருக்குள் நடக்கச் சோம்பல்பட்டு, உப்பளத்துக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியவன் அவன்தான். கம்பியால் குத்தி எடுத்து, நல்ல தண்ணீர் ஊற்றினேன். சூடு வந்தது.

அவனுடைய தண்ணீர் டின்னில் தாரைத் தொட்டு எழுதினேன்: "கதிர்வேலு, இதில் உப்புத் தண்ணீர் பிடிக்காதே." உப்பளத்து ஆட்கள் படித்துச் சிரித்தார்கள்.

"எவன்டா எழுதனது?"

"நான்தாம்பா."

"கைநாட்டு, நீயா?"

"அது போன வருஷம்."

மண்ணைப் போட்டுத் தேய்த்தான். போகவில்லை.

நாளை என்னை ஏற்றுவானா, தெரியாது. ஏற்றாவிட்டால் லாரிக் கதவு பெரியது. தாரும் மீதி இருக்கிறது.