வரமாட்டேன் என்று சொன்னவன்

என் குந்தளாவுக்கு,

நீ சுகமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? புனேயில் தூறல் தொடங்கிவிட்டது, நன்றாகத் தூங்குகிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. நான் குழாய் வேலை பார்க்கும் வீடுகளில் ஒன்றான கானிட்கர் அம்மாவின் தோட்டத்தில் மண்ணுக்கடியில் குழாய் உடைந்து, சரியாக நம் ஒடிசாவின் ரஜ பண்டிகை தொடங்கும் நாளில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மூணு நாளும் பூமித்தாய்க்கு ஓய்வும்மா, மண்ணைத் தோண்ட மாட்டேன். வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு வர்றேன்" என்றேன். வேலை கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

மூன்று நாளும் அறையில் படுத்திருந்தேன். மாடித் தொட்டி சொட்டும் சத்தம் பண்டிகைக்கு நம் மாமரத்தில் கட்டும் ஊஞ்சல் முனகுவதுபோலவே இருந்தது. கண்ணை மூடினால் நீ ஆடுகிறாய், உன் காலடியில் தரை மெல்ல மூச்சுவிடுகிறது.

வியாழக்கிழமை எட்டு மணிக்குப் போனால், அந்த அம்மா பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்.

"வேற ஆள் கிடைக்கலையாம்மா?"

"நாலு பேரு இதோ வர்றேன்னாங்க, ஒருத்தனும் வரலை. நீ ஒருத்தன்தான் வரமாட்டேன்னு சொன்னே. அதான் உன்னை நம்பி இருந்தேன்ப்பா."

குழி தோண்டும்போது எனக்கு உன் நினைவு. உனக்கு எழுதிய கடிதத்திலெல்லாம் 'சீக்கிரம் வருகிறேன்' என்றுதானே எழுதியிருக்கிறேன்? நான் ஐந்தாவது ஆள்.

ஊர்க்காரர் யாராவது இங்கே வருவதாக இருந்தால், உன் பழைய சேலையில் தலையணை உறை தைத்துக் கொடுத்தனுப்பு. ஊஞ்சல் கயிறு மழையில் நனையாமல் எடுத்து வை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. குந்தளா, துர்கா பூஜைக்கு நான் வரமாட்டேன். மார்கழி இரண்டாம் வியாழன் காலை ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன்.

உன் பைதர்