பதினான்கு வளைவு

ஆவடி,
வியாழக்கிழமை.

அன்புள்ள அபி அப்பாவுக்கு,

இங்கு நலம். முகாமில் குளிர் கூடிவிட்டது என்றீர்கள்; கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி இந்தப் பார்சலில் இருக்கிறது. அபிஷேக் நான்காம் செமஸ்டர் எழுதிவிட்டான். ஒரு பேப்பர் மட்டும் சந்தேகம் என்கிறான்.

அடுத்ததைப் போனில் சொன்னால் பாதியிலேயே வேண்டாம் என்பீர்கள், நானும் சரி என்றுவிடுவேன். அதனால்தான் கடிதம். இருபத்தோராம் தேதி ஞாயிறன்று மறுபடியும் ஏலகிரி மலைக்குச் சைக்கிளில் ஏறப்போகிறேன்.

போன வருடம் ஆறாவது வளைவில் இறங்கி, குழுவின் வேனில் ஏறி வந்ததை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தீர்கள். வயதாகிவிட்டது என்று நானும் நம்பினேன். தப்பு வயதில் இல்லை. நம் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். கீழேயே வேகம் பிடித்து, எழுந்து நின்று மிதித்தால் ஒரு நிமிடத்தில் உச்சி. அதே பழக்கத்தோடு மலைக்குப் போனேன். மலை ஒரு நிமிடத்தில் முடியவில்லை.

சைக்கிள் கடை டில்லிபாபுவிடம் கேட்டேன். “பாலத்துல பறக்குற மாரி அங்க பறந்தா பூட்ட கேசுதான்க்கா. குந்திகினே மிதிங்க. வளைவுக்கு முன்னாடியே கியரைக் கொறைச்சிடுங்க. பேசிகினே ஏறுங்க. பேச்சு நின்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்” என்றார்.

ஐந்து மாதமாக விடியற்காலையில் பாலத்தில் இருபது தடவை மெதுவாக ஏறி இறங்குகிறேன். யாரிடம் பேசுவது? உங்களிடம்தான். மாற்றலுக்கு எழுதிப் போடாமலே போட்டதாகச் சொன்னது, என் அம்மா இறந்தபோது மூன்றாம் நாள் வந்தது, எல்லாவற்றையும் பேசிக்கொண்டே ஏறுகிறேன். மூச்சு வாங்குவதே இல்லை. பாலத்தடியில் கீரை விற்கும் எல்லம்மா, “இன்னாம்மா, தெனம் யாரத் திட்டிகினு போற?” என்று கேட்டாள். வீட்டுக்காரரை என்றேன். “அப்ப பாலம் பத்தாதே” என்றாள்.

எங்கள் சைக்கிள் குழுவை நடத்தும் ரேணுகாவிடம் இந்த முறை எனக்கு வேனில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதினான்கு வளைவும் ஏறி முடிக்கும்வரை நான் இறங்கப்போவதில்லை.

பனியில் பார்த்து நடங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இன்னும் ஒன்று. ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் உங்களுக்குச் சிக்னல் கிடைக்கும் என்று தெரியும். இருந்தாலும் அன்று மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். போன் அடித்தால் தரையில் காலை ஊன்றிவிடுவேன்.

உங்கள்
ராதிகா